பாடம் புரிந்தது என்கிறார்கள், பதில் மட்டும் மாறவில்லை

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தவிர்த்திருக்கிறேன். கடிதம் நீளமானது, சாரத்தை மட்டும் தருகிறேன்.

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறார். கணித ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பதால் இப்போதைக்குக் கணக்கும் அவர் பொறுப்பில். தமிழ் வழிப் பள்ளி. ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, இணையம் வரும், போகும். இரவெல்லாம் தேடி நல்ல வீடியோக்களாகச் சேர்த்து வகுப்பில் போட்டிருக்கிறார். பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்த்தார்கள், "நல்லா புரிஞ்சது டீச்சர்" என்றார்கள். அப்புறம் மின்னோட்டவியல் பாடத்தில் ஒரு சின்னத் தேர்வு. ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் போட்டால் எது அதிகமாக ஒளிரும் என்று கேட்டதற்கு, வகுப்பில் பெரும்பாலானோர் "மின்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் பல்பு" என்று எழுதிவிட்டார்கள். அந்த வீடியோவில் இதே விஷயம் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்ததாம். "பிள்ளைகளுக்கு அக்கறை இல்லையா, என் தேர்வு தவறா?" என்பது அவருடைய முதல் கேள்வி.

அடுத்தது பயம். இணையத்தில் இருப்பதை இறக்கி வகுப்பில் போடுவது காப்புரிமைக் குற்றம் என்று சக ஆசிரியர் ஒருவர் சொல்லிவிட்டார். இவர் ஆங்கிலப் பயிற்சித்தாள்களைத் தமிழாக்கி ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தும் வந்திருக்கிறார். மூன்றாவது, ஒரு தனியார் நிறுவனத்தின் கற்றல் ஆப். பள்ளிக்கு இலவசமாகத் தருகிறார்களாம். பதிலுக்கு மாணவர் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கைபேசி எண் அடங்கிய பட்டியல் வேண்டுமாம். தலைமையாசிரியர் கொடுத்துவிடலாம் என்கிறார். கடிதத்தின் நடுவே ஒரு வரி: "தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு நெட்டில் உருப்படியாக எதுவும் இல்லை."

அன்புள்ள ஆசிரியைக்கு,

பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்ற முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். உங்கள் தேர்வும் தவறில்லை. அந்த ஒரு கேள்வியை வைத்ததன் மூலம் பலர் பார்க்காமல் விடுகிற ஒன்றை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். "புரிஞ்சது" என்று அவர்கள் சொன்னதும் பொய் இல்லை, உண்மையாகவே அப்படித்தான் உணர்ந்திருப்பார்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

தெளிவாகத் தோன்றுவது

டெரெக் முல்லர் என்பவர் சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008-இல் முடித்த முனைவர் ஆய்வு இதைப் பற்றியது. இன்று அவரை வெரிட்டாசியம் என்ற யூடியூப் சேனல் மூலம் நிறையப் பேருக்குத் தெரியும். இயற்பியல் கருத்து ஒன்றை நேராக, சுருக்கமாக, அழகாக விளக்கும் வீடியோவை ஒரு குழுவினருக்குக் காட்டினார். தெளிவாக இருந்தது, எளிதாக இருந்தது என்றார்கள். தேர்வு வைத்தால் மதிப்பெண் ஏறக்குறைய முன்பு இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு குழுவினர் பார்த்த வீடியோவில், மாணவர்கள் பொதுவாக வைத்திருக்கும் தவறான எண்ணத்தை ஒருவர் முதலில் சொல்வார், அது ஏன் பொருந்தவில்லை என்று உரையாடல் போகும். இதைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள். மதிப்பெண் உயர்ந்தது இவர்களுக்குத்தான்.

காரணம் இதுதான். மாணவர் வகுப்புக்கு வரும்போதே மனத்தில் ஒரு விளக்கத்தோடு வருகிறார். தெளிவான வீடியோ அதைத் தொடாமல் ஓடிவிட்டால், "இது எனக்கு ஏற்கெனவே தெரிஞ்சதுதானே" என்று அவர் பார்த்துக்கொண்டிருப்பார். காதில் விழுந்த சொற்கள் பழைய எண்ணத்தின் மேலேயே போய் உட்காரும்.

உங்கள் பிள்ளைகள் மனத்தில் இருக்கும் பழைய எண்ணம் எது என்று ஊகிப்பது கடினம் இல்லை. வீட்டில் நாம் எல்லோரும் "ஏசி நிறைய கரண்ட் இழுக்கும்", "ஃபேனை ஆஃப் பண்ணு, கரண்ட் செலவாகுது" என்றுதான் பேசுகிறோம். இந்தப் பேச்சிலேயே வளர்ந்த பிள்ளைக்கு, மின்னோட்டம் என்பது பல்பில் செலவாகித் தீரும் ஒன்று. அப்படியானால் முதல் பல்புக்கு நிறையவும், மிச்சம் இரண்டாவதற்கும் போக வேண்டும். தவறான விடைதான், ஆனால் அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. தொடரிணைப்பில் எந்த இடத்தில் அளந்தாலும் மின்னோட்டம் ஒன்றே. பல்பில் வெப்பமாகவும் ஒளியாகவும் மாறுவது ஆற்றல். மின்வாரியம் கணக்குப் போடும் யூனிட்டும் கிலோவாட் மணி, அதாவது ஆற்றலின் அளவு. மின்கட்டண அட்டையை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லி இதைப் பேசலாம். எந்த வீடியோவும் உங்கள் ஊர்ப் பேச்சிலிருந்து இந்த இடத்துக்கு அவர்களைக் கூட்டிவராது, உங்களால் முடியும்.

வீடியோ என்றில்லை, கண்ணெதிரே செய்து காட்டும் சோதனைக்கும் இதே கதிதான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூரும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வகுப்பில் செய்துகாட்டலைச் சும்மா பார்த்தவர்களில் 'ஏன் அப்படி' என்று சரியாக விளக்கியவர்கள், அதைப் பார்க்காதவர்களைவிடக் குறிப்பிடும்படி அதிகமாக இல்லை. செய்வதற்கு முன் என்ன நடக்கும் என்று கணித்து எழுதியவர்கள் நன்றாகச் செய்தார்கள். கூடுதலாகச் செலவானது சில நிமிடங்கள்தான்.

நான் உங்களிடம் கேட்டுக்கொள்வதும் அந்தச் சில நிமிடங்களைத்தான். இன்னும் நல்ல வீடியோவைத் தேடி இரவில் கண்விழிக்க வேண்டாம்.

அந்தப் பாடத்தை மறுபடி எடுப்பதானால்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு வகுப்பைச் சரியாக அமைத்துவிட்டால் மற்ற பாடங்களுக்கும் உங்களுக்கே வழி தெரிந்துவிடும்.

இரண்டு டார்ச் பல்பு, இரண்டு மின்கலம், கொஞ்சம் கம்பி. மேசையில் எடுத்து வையுங்கள், இணைத்துவிடாதீர்கள். போர்டில் சுற்றை வரைந்து, "முதல் பல்பு, இரண்டாவது பல்பு, இரண்டும் ஒரே மாதிரி" என்று மூன்று விடைகளை எழுதுங்கள். ஒவ்வொருவரும் நோட்டில் ஒரு விடையும், அதற்கு ஒரே வரியில் காரணமும் எழுத வேண்டும். எழுதிய பிறகுதான் கை தூக்கல். இந்த வரிசை முக்கியம், இல்லாவிட்டால் நன்றாகப் படிக்கும் பிள்ளை எங்கே கை தூக்குகிறதோ அங்கே எல்லாக் கையும் போய்விடும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாட விடுங்கள். சத்தம் வரும், வரட்டும்.

அப்புறம் இணையுங்கள். நிஜமான டார்ச் பல்புகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால் லேசான வித்தியாசம் தெரியலாம். "பார்த்தீங்களா, முதல் பல்புதான்!" என்று ஒருவர் கத்துவார். பல்புகளை இடம் மாற்றிப் போடுங்கள். இடத்தால் வந்த வித்தியாசம் என்றால் அது இடத்திலேயே இருக்க வேண்டும், பல்பால் வந்தது என்றால் பல்போடு நகர வேண்டும். உண்மையான அறிவியல் வேலை இது, திரையில் கிடைக்காது.

இப்போது திரைக்கு வாருங்கள். ஃபெட் (PhET) என்ற, கணினியிலேயே சோதனையைச் செய்து பார்க்கும் உருவகப்படுத்தல் தொகுப்பைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதிலுள்ள மின்சுற்று அமைக்கும் பகுதியில், கம்பிக்குள் மின்னூட்டங்கள் நகர்வதே தெரியும். மேசையில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் காண முடியாத ஒன்று அது. அம்மீட்டரை முதல் பல்புக்கு முன், இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதற்குப் பின் என்று மூன்று இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் வைப்பதற்கு முன், "என்ன காட்டும்? எழுதுங்க." மூன்றும் ஒரே அளவு காட்டும்போது வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். அவசரப்பட்டு விளக்கத்தைச் சொல்லிவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அடுத்து பக்க இணைப்புக்குப் போகும்போது திரையில் இரண்டாவது பல்பைச் சேர்த்தாலும் முதல் பல்பின் ஒளி குறையாது. மேசையில் பழைய மின்கலத்தை வைத்துச் செய்தால் லேசாகக் குறையும். மின்கலத்துக்கு உள்ளேயே மின்தடை உண்டு, திரையில் இருப்பது அதைச் சுழியமாக வைத்துக்கொண்ட மின்கலம். அதை மாற்றும் வசதியும் அதிலேயே இருக்கிறது. "கம்ப்யூட்டர்ல ஒண்ணு வருது, கையில வேற வருதே" என்று யாராவது கேட்டால், அன்றைய வகுப்பின் சிறந்த கேள்வி அதுதான். மாதிரி என்பது எதையெல்லாம் விட்டுவிட்டுச் செய்யப்படுகிறது என்று பேச அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

கணக்குக்கும் இதே வழிதான். ஜியோஜீப்ரா என்ற இலவசக் கணித வரைபட மென்பொருளை மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மாணவராக இருந்தபோது உருவாக்கினார். கணினியில் நிறுவிவிட்டால் இணையம் வேண்டாம். இருபடிச் சமன்பாட்டின் பரவளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாறிலியைக் கூட்டினால் வளைவு மேலே போகுமா, கீழே வருமா, அகலுமா? முதலில் விரலால் காற்றில் வரைந்து காட்டச் சொல்லுங்கள், பிறகு திரையில் மாறிலியை மாற்றும் நழுவியை (slider) நகர்த்துங்கள். வளைவு மேலேறி கிடை அச்சைத் தொடாமல் விலகும் கணத்தில் நிறுத்தி, "இப்போ மெய்யான தீர்வு எங்கே போச்சு?" என்று கேளுங்கள். தன்மைகாட்டியை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்குக்கூட அந்த இடத்தில்தான் அது எதைக் காட்டுகிறது என்று தெரியவரும்.

ஆனால் வரைபடத்தாளில் கையால் போடுவதை விட்டுவிடாதீர்கள். பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண், அதற்குக் கைப்பழக்கம் வேண்டும். இன்னொன்று, வட்டத்தின் மேல் ஒரு புள்ளியை இழுத்து இழுத்துப் பார்த்து, விட்டம் அங்கே உண்டாக்கும் கோணம் எல்லா இடத்திலும் 90° என்று கண்டதும் "நிரூபிச்சாச்சு" என்று பிள்ளைகள் நினைப்பார்கள். பார்த்தது சில இடங்களைத்தான். எல்லா இடத்துக்கும் ஏன் பொருந்தும் என்பதற்கு இருசமபக்க முக்கோணங்களை வைத்து கரும்பலகையில் எழுதியாக வேண்டும். திரை ஊகத்தைத் தரும், நிரூபணத்தைத் தராது.

எதைத் திரையில் காட்டுவது, எதை மேசையில் செய்வது என்று குழப்பம் வந்தால் நான் சொல்வது இது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, எட்டாத தூரத்தில் இருப்பது, ஆபத்தானது, வகுப்பு நேரத்தில் முடியாதது, இவற்றுக்குத் திரை. வாயு மூலக்கூறுகளின் இயக்கம், வியாழனின் நிலவுகள், சோடியத்தை நீரில் போடுவது எல்லாம் அப்படி. மிதத்தலைக் காட்ட ஒரு வாளித் தண்ணீர் இருக்கும்போது வீடியோ தேவையில்லை.

தமிழில் ஒன்றும் இல்லையா?

இந்த எண்ணத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் இருக்கும் அளவுக்கு இல்லை என்பது உண்மை, எனக்கும் அது வருத்தம்தான். ஆனால் "எதுவும் இல்லை" என்று நினைத்துத் தேடாமல் விட்டால், இருப்பதையும் இழப்போம்.

உங்கள் பாடநூலிலேயே தொடங்குங்கள். 2018-இலிருந்து படிப்படியாக வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு உண்டு. பல இடங்களில் 'இணையச் செயல்பாடு' என்ற பகுதியில் ஃபெட், ஜியோஜீப்ரா போன்றவற்றைத் திறந்து என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகத் தந்திருக்கிறார்கள். பாடத்தை முடிக்கும் அவசரத்தில் நிறைய ஆசிரியர்கள் தாண்டிப் போகும் பக்கம் அது. மாநிலப் பள்ளிக்கல்வித் துறை 2023-இல் வெளியிட்ட மணற்கேணி செயலியில் பாடநூலை ஒட்டிய காணொலிகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கும். மத்திய அரசின் தீக்ஷா தளம் 2017-இலிருந்து இருக்கிறது. அதன் செயலியில் பாடப்பொருளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஃபெட்டின் உருவகப்படுத்தல்களிலும் தமிழ் வடிவம் உள்ளவை உண்டு, மொழிப் பட்டியலில் தேடிப் பாருங்கள். அரவிந்த் குப்தா பழைய செய்தித்தாள், சைக்கிள் டியூப், குச்சி, காந்தம் இவற்றை வைத்துச் செய்த அறிவியல் பொம்மைகளின் குறும்படங்கள் தமிழ்க் குரலிலும் உள்ளன. கிராமத்துப் பள்ளிக்கு அவை மிகவும் ஏற்றவை. பார்த்த அன்றே பிள்ளைகள் செய்து கொண்டுவருவார்கள்.

இலங்கைக் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்திலும் தமிழ்மொழி மூலப் பாடங்கள் இருக்கின்றன. தரமானவை. அங்கிருந்து எடுக்கும்போது கலைச்சொற்களில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். நமக்கு 'நிறை' என்றால் பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு. அங்கே அதற்குத் 'திணிவு', நாம் 'எடை' என்பதை அவர்கள் 'நிறை' என்கிறார்கள். நம் 'திசைவேகம்' அங்கே 'வேகம்', நம் 'வேகம்' அங்கே 'கதி'. இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் முன்னறிவிப்பு இல்லாமல் அந்தப் பயிற்சித்தாளைக் கொடுத்தால், நிறைக்கும் எடைக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றுதான் பிடித்த பிள்ளை மறுபடி தடுமாறிப்போகும்.

இணையம் போய்விடுகிறது என்பதற்கு வழி சுலபம். ஃபெட் உருவகப்படுத்தல் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாக இறக்கி பென் டிரைவில் போட்டுக்கொள்ளலாம், உலாவியில் திறந்தால் போதும். வகுப்புக்கு முந்தின நாளே ஸ்மார்ட் போர்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஹைடெக் லேபைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் சக ஆசிரியர் இருந்தால் கொலிப்ரி என்ற இலவச மென்பொருளைப் பற்றிச் சொல்லுங்கள். ஒரு கணினியில் பாடங்களை நிரப்பிவிட்டால், வெளி இணையம் இல்லாமலே அறையில் உள்ள மற்ற கணினிகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

வீட்டில் பார்க்கச் சொல்லி லிங்க் அனுப்புவதாகவும், பாதிப் பேர் பார்ப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்திவிடுங்கள். பல வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். வீடியோ பார்த்தவர்களை வைத்து மறுநாள் பாடத்தைத் தொடங்கினால் பார்க்க முடியாத பிள்ளை முதல் நிமிடத்திலேயே வெளியே நிற்கும். காட்ட வேண்டியதை வகுப்பிலேயே காட்டுங்கள்.

காப்புரிமை பற்றி

உங்கள் சக ஆசிரியர் சொன்னது பாதிதான் சரி. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-இன் 52ஆவது பிரிவு, எவையெல்லாம் மீறல் ஆகாது என்று பட்டியலிடுகிறது. கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் பிரதி எடுப்பது அதில் வருகிறது. கல்வி நிறுவனத்தின் செயல்பாடாக மாணவர்கள், பணியாளர்கள், பெற்றோர் முன்னிலையில் திரைப்படமோ ஒலிப்பதிவோ காட்டுவதும் வருகிறது. டெல்லி பல்கலைக்கழகத்தில் பாடத்துக்கான பக்கங்களை நகலெடுத்துத் தந்ததற்காகப் பெரிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், கற்பித்தல் என்பதைப் பரந்த பொருளில்தான் பார்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் சொன்னது. ஆகவே வகுப்புக்குள் உங்கள் மாணவர்களுக்கு ஒரு வீடியோவைக் காட்டியதற்காக நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

யூடியூபிலிருந்து வேறு மென்பொருள் வழியாக இறக்குவது தனி விஷயம். அது அந்தத் தளத்தின் பயன்பாட்டு நிபந்தனைக்கு எதிரானது. தளமே தரும் இறக்க வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் இறக்க அனுமதிக்கும் மூலங்களுக்கு மாறிக்கொள்ளுங்கள். மேலே சொன்னவற்றில் அப்படிப்பட்டவை போதுமான அளவு உள்ளன.

கவனம் தேவைப்படுவது உங்கள் வாட்ஸ்அப் குழு விஷயத்தில்தான். உங்கள் வகுப்புக்காக ஒரு பயிற்சித்தாளைத் தமிழாக்குவது வேறு, அதை நூற்றுக்கணக்கானோர் இருக்கும் குழுவில் சுற்றுக்கு விடுவது வேறு. இரண்டாவதைச் சட்டம் தரும் விலக்கு காப்பாற்றும் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். மூலத்தில் என்ன உரிமம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் (படைப்பாளரே எல்லோருக்கும் முன்கூட்டித் தந்துவிடும் பொது அனுமதி) என்று இருந்தால் பெயரைக் குறிப்பிட்டுப் பகிரலாம். அதில் 'வணிக நோக்கமற்ற' என்று இருந்தால் காசு வாங்கக் கூடாது. 'அதேபோல் பகிர்க' என்று இருந்தால் உங்கள் தமிழாக்கத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். 'வழிப்படைப்பு கூடாது' என்று இருந்தால் தமிழாக்கிப் பரப்ப முடியாது. எந்த உரிமமும் எழுதவில்லை என்றால் "இலவசமாகத்தானே இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளாமல், அனுமதி கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆசிரியர் கேட்டால் பலர் மகிழ்ச்சியோடு தருவார்கள். தனியார் கைடுகளை ஸ்கேன் செய்த கோப்புகள் குழுவில் வந்தால் மேலும் பகிர வேண்டாம்.

நீங்களே சொந்தமாக எழுதிய தாள்கள் நிறைய இருப்பதாகத் தெரிகிறது. அவற்றின் அடியில் ஒரு கிரியேட்டிவ் காமன்ஸ் வரியைச் சேர்த்துவிட்டு வெளியிடுங்கள். தமிழில் குறைவாக இருக்கிறது என்று வருந்திய நீங்களே அதைக் கொஞ்சம் நிரப்பியவராவீர்கள். பிள்ளைகள் சோதனை செய்யும் வீடியோவை இணையத்தில் போடும் எண்ணம் வந்தால் மட்டும், முகம் தெரியாமல் கைகளை மட்டும் படமெடுங்கள். பெற்றோரிடமும் தலைமையாசிரியரிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஆப்

பட்டியலைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கருதுகிறது. அவர்கள் தரவைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கட்டாயக் கடமைகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. இன்றே எல்லாம் நடைமுறையில் இருக்கிறதா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். பெற்றோர் சேர்க்கையின்போது எண்ணைக் கொடுத்தது பள்ளி தங்களைத் தொடர்புகொள்வதற்காக. அதை இன்னொரு நிறுவனத்துக்குத் தூக்கிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கும் இல்லை, தலைமையாசிரியருக்கும் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளில் பயன்படுத்தப்பட்ட கற்றல் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஆராய்ந்து 2022-இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை குழந்தைகளின் தரவைக் கையாண்ட விதம் அவர்கள் உரிமைகளுக்குப் பாதகமாகவோ பாதகம் விளைவிக்கக் கூடியதாகவோ இருந்தது. அரசுத் தளங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. அதனால் ஆப் தனியாருடையதோ அரசுடையதோ, பெயரும் எண்ணும் பிறந்த தேதியும் கேட்கும் இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

'பள்ளிக்கு இலவசம்' என்பதன் பொருளையும் தலைமையாசிரியரோடு பேசுங்கள். எண் கிடைத்த பிறகு விற்பனை அழைப்பு போவது பெற்றோருக்கு. "உங்க பள்ளி டீச்சர்தான் நம்பர் கொடுத்தாங்க" என்று அழைப்பவர் சொன்னால், கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய் மறுத்துப் பேசத் தயங்குவார். தவணைத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் சுமையும் அவர் தலையில்தான்.

தலைமையாசிரியரை எதிர்த்துப் பேசுவது போல் ஆகிவிடுமோ என்று தயங்குகிறீர்கள், புரிகிறது. எதிர்க்க வேண்டாம், நிறுவனத்திடம் எழுத்தில் கேட்போம் என்று சொல்லுங்கள். கேட்க வேண்டியவை இவை:

- மாவட்டக் கல்வி அலுவலரின் எழுத்துபூர்வ அனுமதி இருக்கிறதா?
- பெயரும் எண்ணும் இல்லாமல் பள்ளிக்கு ஒரே பொதுக் கணக்கு தர முடியுமா?
- தரவு எங்கே இருக்கும், யாரோடு பகிரப்படும், எப்போது அழிக்கப்படும்?
- பெற்றோரை எந்தக் காரணத்துக்கும் அழைக்க மாட்டோம் என்று எழுதித் தருவார்களா?

நல்ல நோக்கத்தோடு வந்தவர்களுக்கு இவை கடினமான கேள்விகள் இல்லை. ஒரே பொதுக் கணக்கு தர ஒப்புக்கொண்டால் ஆப்பை நீங்கள் பயன்படுத்திப் பார்க்கலாம், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதிலும் முதலில் பார்க்க வேண்டியது, பிள்ளை விடையைக் கணித்து எழுதுவதற்கு எங்காவது நிற்கிறதா, அல்லது வீடியோ பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறதா என்பதைத்தான். தலைமையாசிரியருக்கு எண்ணிக்கை காட்ட வேண்டும் என்றால், அதே பல்புக் கேள்வியைப் பாடத்துக்கு முன்பும், சில வாரம் கழித்தும் கேட்டு, எத்தனை பேர் விடையும் காரணமும் சரியாக எழுதினார்கள் என்று ஒரு தாளில் குறித்து அவரிடம் காட்டுங்கள். எத்தனை வீடியோ போட்டோம் என்ற கணக்கைவிட அவருக்கு அது உதவும்.

நிறுவனத்துக்காரர் அடுத்த வாரம் மறுபடி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்பே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள். மாணவர் விவரங்கள் பதிவாகியிருக்கும் எமிஸ் தளத்திலிருந்து பட்டியலை எடுத்துத் தரும்படி அலுவலகத்தில் யாரிடமாவது சொல்லி வைத்திருக்கிறாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லியிருந்தால், எழுத்தில் பதில் வரும்வரை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.